யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்: இது எந்த அளவை?



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தாயார் மத்ரஸா வாசலில் வந்து நின்றார். கணவரை இழந்தவர். வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவர். "ஹஜ்ரத், பையனுடைய சந்தாவை இரண்டு மாதம் கழித்துத் தருகிறேன். இந்தத் தடவை கரண்ட் பில் கூடிவிட்டது" என்றார். சந்தாவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எவ்வளவு வந்தது என்று கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது: 150 யூனிட், 1,200 ரூபாய்.

அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்புதான் என் வீட்டுக்கான கட்டணத்தைக் கைப்பேசியில் செலுத்தியிருந்தேன். என் வீட்டில் 160 யூனிட் ஓடியிருந்தது. நான் கட்டிய தொகை 141 ரூபாய்.

ஒரே தெருவில், ஒரே மின்கம்பத்திலிருந்து வரும் மின்சாரம். என்னைவிடப் பத்து யூனிட் குறைவாகச் செலவழித்த ஒரு விதவை என்னைப் போல் எட்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறார். அவர் குடியிருக்கும் வீடு யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சீட்டில் இருந்த கணக்கைப் பார்ப்போம். வாடகை வீட்டில் இருப்போர் மட்டுமல்ல, வாடகைக்கு விட்டிருப்போரும் இதனைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். சொல்லப்போனால், இது அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவதற்குச் செலவாகும் மின்சாரம். 75 வாட் மின்விசிறி பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழன்றால் ஒரு யூனிட். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். மீட்டரில் இன்று காட்டும் எண்ணிலிருந்து சென்ற முறை கணக்கீட்டாளர் குறித்த எண்ணைக் கழித்தால், இடைப்பட்ட நாள்களில் நாம் செலவழித்த யூனிட் கிடைக்கும். இதுவரை எல்லோரும் அறிந்ததே. அறியாதது இதற்குப் பிறகு வருவது.

ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரே விலை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வாறில்லை. படிப்படியாக ஏறும் விலை அது. முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2016 மே மாதத்தில் அரசு அறிவித்த சலுகை இன்றும் தொடர்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 2025 ஜூலையில் மறுபடியும் கட்டணம் உயர்ந்தபோது வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. ஆகவே இரண்டு மாதத்தில் 260 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பம் செலுத்த வேண்டியது: முதல் நூற்றுக்கு ஒன்றுமில்லை, அடுத்த நூற்றுக்கு 235 ரூபாய், மீதி அறுபதுக்கு 282 ரூபாய். ஆக மொத்தம் 517 ரூபாய். சராசரியாகப் பார்த்தால் யூனிட்டுக்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லை.

அதே 260 யூனிட்டுக்கு நம் மஹல்லாக்களில் வீட்டுக்காரர்கள் வாங்குவது எவ்வளவு? எட்டு ரூபாய் என்பது தாராள மனம் உடையவரின் விலை. ஒன்பது என்பது பரவலான விலை. பத்து வாங்குவோரும் உளர். ஒன்பது என்றே வைத்துக்கொண்டால் 2,340 ரூபாய். வாரியத்துக்குப் போவது 517. வீட்டுக்காரரின் பையில் தங்குவது 1,823. ஆண்டுக்கு ஆறு முறை கணக்கிட்டால் 10,938 ரூபாய். மாதம் ஆறாயிரம் ரூபாய் வாடகையில் இருக்கும் ஒரு குடும்பம், தனக்கே தெரியாமல், ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாத வாடகையைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ரசீது கிடையாது. பெயர் மட்டும் 'கரண்ட் பில்'.

"மேலே போகப் போக யூனிட் விலை பத்து, பதினொன்று என்று ஏறுகிறதே, நாங்கள் என்ன செய்வோம்?" என்று ஒரு ஹாஜியார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விபோல் தோன்றும். உண்மைதான், 1,000 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய் 55 காசு. ஆனால் அது அந்தப் படிக்கு மட்டுமே. 600 யூனிட் செலவழித்தால் கட்டணம் 2,880 ரூபாய். சராசரி 4 ரூபாய் 80 காசு. 1,000 யூனிட் செலவழித்தால் 6,870 ரூபாய். சராசரி ஏழு ரூபாய்கூட இல்லை. சராசரி ஒன்பது ரூபாயைத் தொட வேண்டுமானால் ஒரு வீடு இரண்டு மாதத்தில் 1,800 யூனிட்டுக்கு மேல் செலவழிக்க வேண்டும். ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில், இரண்டு மின்விசிறியும் ஒரு குளிர்பதனப் பெட்டியும் வைத்திருக்கும் குடும்பம் அந்த எண்ணை எட்டவே முடியாது. ஹாஜியாரிடம் இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் பதில் வரவில்லை.

வேறொரு நிலையும் உண்டு. கீழே வீட்டுக்காரர், மாடியில் வாடகைக் குடும்பம். வாரியத்தின் மீட்டர் ஒன்றுதான். மாடிக்குக் கடையில் வாங்கிய சப்-மீட்டர் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். கீழே 320 யூனிட், மாடியில் 260 யூனிட், மொத்தம் 580 என்று கொள்வோம். 500ஐத் தாண்டிவிட்டதால், 101 முதல் 200 வரைக்கான 2 ரூபாய் 35 காசு என்ற சலுகை விலை பறிபோய், அந்த நூறு யூனிட்டும் 4 ரூபாய் 70 காசாகக் கணக்கிடப்படும். 500க்கு மேற்பட்ட 80 யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு வீதம் வரும். வாரியம் கேட்பது மொத்தம் 2,712 ரூபாய். விகிதப்படி பிரித்தால் மாடி வீட்டின் பங்கு ஏறக்குறைய 1,216 ரூபாய். ஆனால் ஒன்பது ரூபாய்க் கணக்கில் மாடியிலிருந்து 2,340 வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் தம் 320 யூனிட்டுக்குத் தம் கையிலிருந்து போடுவது 372 ரூபாய் மட்டுமே. அதாவது வீட்டுக்காரரின் மின்விசிறி, தொலைக்காட்சி, கீசர் ஆகியவற்றின் செலவில் பெரும்பகுதியை மாடியில் இருக்கும் ஏழைதான் சுமக்கிறார்.

இதில் வேதனை என்னவென்றால், மாடி வீடு தனி வாசலும் தனிச் சமையலறையும் கொண்ட தனிக் குடியிருப்பாக இருந்தால், அதற்குத் தனி மின்இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்போது கீழ் வீட்டுக்கு 799 ரூபாய், மாடி வீட்டுக்கு 517 ரூபாய், இரண்டும் சேர்த்து 1,316 ரூபாய்தான். 2,712 எங்கே, 1,316 எங்கே! இருவருக்குமே இலாபம். இருந்தும் விண்ணப்பிக்க மாட்டார்கள். ஏனெனில் தனி மீட்டர் வந்தால் குடியிருப்பவருக்குக் கணக்குத் தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இலவச நூறு யூனிட்டை இரண்டு முறை பெறுவதற்காக இல்லாத தடுப்பைக் காட்டி இரண்டாவது இணைப்பு வாங்குவது வேறு விஷயம். அது பொய். அதுபோலவே கல்யாண வீட்டுச் சீரியல் விளக்குக்குத் தெருக் கம்பியில் கொக்கி போடுவதும் திருட்டு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 135ஆம் பிரிவில் அதனைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. 'அரசாங்கத்துப் பொருள்தானே' என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொதுச்சொத்தில் கைவைத்தவன் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பான்? ஒருவர் இருவரின் பொருள் அல்லவே அது. சரி, வந்த வழிக்கே திரும்புவோம்.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் 'அல் முதஃப்ஃபிஃபீன்', அளவையில் மோசடி செய்வோரைப் பற்றியது. நம் பிள்ளைகள் பத்து வயதுக்குள் மனனம் செய்துவிடும் அம்ம ஜுஸ்வில் உள்ளது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு உண்டு என்ற எச்சரிக்கையோடுதான் அந்த அத்தியாயம் தொடங்குகிறது. நான் இதை எத்தனையோ ஆண்டுகளாக ஓதிக் கொடுத்திருக்கிறேன். விளக்கம் சொல்லும்போதெல்லாம் தராசு, படி, எண்ணெய்க் கடை, இறைச்சிக் கடை என்றே உதாரணம் காட்டி வந்திருக்கிறேன். வீட்டுச் சுவரில் சுழன்றுகொண்டிருக்கும் மீட்டரும் ஓர் அளவைதான் என்பது என் புத்தியில் உறைக்கவில்லை. வாரியத்திடம் வாங்கும்போது இலவச நூறு யூனிட் வேண்டும், படிப்படியான விலை வேண்டும், ஒரு காசு கூடினாலும் பிரிவு அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுவோம். குடியிருப்பவருக்குக் கொடுக்கும்போது மட்டும் இலவசமும் இல்லை, படியும் இல்லை, ஒரே விலை. வாங்குவதற்கு ஓர் அளவை, கொடுப்பதற்கு வேறோர் அளவை. மத்யன் நகர மக்களிடம் நபி ஷுஐப் (அலை) அவர்கள் மன்றாடியதும் இதைப் பற்றித்தானே.

"குடியிருப்பவர் ஒப்புக்கொண்டுதானே வந்தார்? ஒப்பந்தத்தில் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று சொல்லித்தானே சாவி கொடுத்தோம்?" இதுதான் நான் அடிக்கடி கேட்கும் வாதம். மார்க்கம் தெரிந்தவர்களே இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வியாபாரத்தில் இரு தரப்பின் மனப்பொருத்தம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அறியாதவரின் தலையசைப்பு மனப்பொருத்தம் ஆகுமா? நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலினுள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்டு, வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மேலே உள்ள தானியத்தைப் பார்த்து வாங்குபவரும் ஒப்புக்கொண்டுதான் வாங்குவார். ஈரத்தை அவர் பார்க்கவில்லை என்பதே குற்றம். அந்த விதவைத் தாய் 'கரண்ட் பில்' என்ற சொல்லை நம்பினார். 117 ரூபாய் 50 காசு என்ற ஈரம் உள்ளே இருந்தது அவருக்குத் தெரியாது.

ஒருவர் நேர்மையாக, "சகோதரரே, வாரியத்துக்கு நான் கட்டுவது 517. உங்களிடம் நான் கேட்பது 2,340. வித்தியாசம் எனக்கு. சம்மதமா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். அப்படிக் கேட்க வாய் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று தம் உள்ளத்தையே கேட்டுக்கொள்ளட்டும். வீடு உங்களுடையது, வாடகையை நிர்ணயிக்கும் உரிமையும் உங்களுடையது. ஆறாயிரம் போதவில்லை என்றால் ஏழாயிரம் கேளுங்கள். வருகிறவர் வருவார், வேறு வீடு பார்க்கிறவர் பார்ப்பார். வாடகையைக் குறைவாகச் சொல்லி ஆளை உள்ளே வரவழைத்து, மின்சாரத்தின் பெயரால் மீதியை எடுப்பதைத்தான் தவறு என்கிறேன்.

வேறு வீடு பார்ப்பது அவ்வளவு எளிதா என்பதையும் சிந்தியுங்கள். நகரங்களில் முஸ்லிம் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் 'வீடு இல்லை' என்ற பதில் வருவதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். சென்னையில் படித்த காலத்தில் நானும் அனுபவித்தேன். அதனால்தான் நம் மக்கள் பள்ளிவாசலைச் சுற்றியே வீடு தேடுகிறார்கள். பிறர் கதவடைத்ததால் நம்மிடம் வந்தவரை, போக்கிடம் இல்லை என்பதை அறிந்தே நாம் பிழிகிறோம் என்றால், கதவடைத்தவரைவிட நாம் எந்த வகையில் மேலானவர்கள்?

"தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு இவற்றின் செலவை யார் தருவது?" என்பது அடுத்த கேள்வி. தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கணக்குப் பார்த்து வாங்குங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாள்தோறும் அரை மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் ஏறத்தாழ 22 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 225 ரூபாயைத் தாண்டாது. ஐந்து வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 45 ரூபாய். இந்த 45 ரூபாயைக் காட்டித்தான் ஆயிரக்கணக்கில் வாங்கப்படுகிறது.

குடியிருப்பவர்கள் எல்லாரும் மலக்குகள் என்று நான் சொல்லவில்லை. கடைசிக் கட்டணத்தைக் கட்டாமல் இரவோடிரவாக வீட்டைக் காலி செய்தவர்கள் உண்டு. சப்-மீட்டரைச் சுற்றி வேறு கம்பி இழுத்தவரையும் நான் அறிவேன். அப்படிப்பட்டவரிடம் கேட்க வேண்டியதை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். அவர் செய்த குற்றத்துக்கு அடுத்து வருபவரிடம் யூனிட் கணக்கில் வசூல் செய்ய மார்க்கத்தில் இடமில்லை.

இப்போது, சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறேன். அந்தத் தாயார் குடியிருப்பது எங்கள் பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஐந்து வரிசை வீடுகளில் ஒன்று. ஐந்துக்கும் தனித்தனி மீட்டர் இருக்கிறது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே நிர்வாகம் வைத்த விலை. யார் வைத்தது, ஏன் வைத்தது என்று இன்று இருப்பவர்களுக்கே தெரியவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு முதவல்லியிடம் போனேன். அவர் கெட்டவர் அல்லர். என் மீது அன்புள்ளவர். சீட்டைப் பார்த்தார், சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஹஜ்ரத், அந்த மிச்சம் பள்ளிவாசல் நிதிக்குத்தானே வருகிறது? யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லையே. உங்கள் சம்பளமும் அந்த நிதியிலிருந்துதானே தருகிறோம்?" என்றார்.

அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 150 யூனிட்டுக்கு 1,200 ரூபாய். வாரியத்துக்கு 117 ரூபாய் 50 காசு போக மிச்சம் 1,082 ரூபாய் 50 காசு. அந்தத் தாயார் தையல் இயந்திரத்தை மிதித்துச் சம்பாதித்த காசு, அவருடைய மகனுக்கே அளவையைப் பற்றிய அத்தியாயத்தை ஓதிக் கொடுக்கும் என் கையில் வந்து விழுந்திருக்கிறது. தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் மறுமையில் வருபவன், பிறர் பொருளை உண்டதற்கு ஈடாகத் தன் நன்மைகளையெல்லாம் இழந்து திவாலாகி நிற்பதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னவன் நான்.

பள்ளிவாசலுக்குப் போகிறது என்பதால் ஹலாலாகிவிடுமா? ஸதகா என்பது மனமுவந்து கொடுப்பது. கேட்காமல், சொல்லாமல், மின்கட்டணத்துக்குள் ஒளித்து எடுப்பது ஸதகா ஆகாது. அந்தத் தாயாருக்கு ஜகாத் வாங்கும் தகுதி இருக்கிறது. ரமளானில் வரிசையில் நிறுத்தி அவருக்கு ஓர் அரிசிப் பையும் ஆயிரம் ரூபாயும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆயிரத்தைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

நிர்வாகக் கூட்டத்தில் நான் மூன்று விஷயங்களை எழுத்தில் கொடுத்தேன். வாரியத்தின் கட்டணம் எவ்வளவோ அதை மட்டும் குடியிருப்போர் நேரடியாகச் செலுத்தட்டும். நிதி போதவில்லை என்றால் வாடகையை அறிவித்து உயர்த்துங்கள். அதுவும் முடியாதென்றால் என் சம்பளத்தைக் குறையுங்கள். மூன்றாவது, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறரின் பொருளை எடுத்தவரின் தவ்பா, அதைத் திருப்பிக் கொடுக்காமல் நிறைவேறாது என்பதை அங்கிருந்த யாரும் மறுக்கவில்லை. காலி செய்துகொண்டு போய் இருப்பிடமே தெரியாதவர்களின் தொகையை அவர்கள் பெயரால் தர்மம் செய்துவிடலாம் என்றும் மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கண்ணெதிரே ஐந்து குடும்பங்கள் இருக்கும்போது அந்த வழியைத் தேட வேண்டியதில்லை. முதல் இரண்டைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. மூன்றாவதைப் படித்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது.

இந்த இடத்தில் குடியிருப்போருக்கும் சில வார்த்தைகள். உங்கள் மீட்டர் பெட்டியில், அல்லது அதன் அருகே சுவரில், மின்இணைப்பு எண் எழுதப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலோ, பணம் செலுத்தும் கைப்பேசிச் செயலிகளிலோ அந்த எண்ணைப் பதிந்தால் உண்மையான தொகை தெரிந்துவிடும். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும் யார் வேண்டுமானாலும் செலுத்தலாம். கட்டிய ரசீதை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், பெரும்பாலோர் சண்டைக்கு வர மாட்டார்கள், வெட்கப்படுவார்கள். மீறி மின்சாரத்தைத் துண்டிப்பேன் என்று மிரட்டினால், தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் அதற்கு அனுமதி தரவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கணக்கெடுக்கும் தேதியையும் கவனியுங்கள். 500 யூனிட் என்பது ஒரு செங்குத்தான விளிம்பு. சரியாக 500இல் நின்றால் கட்டணம் 1,805 ரூபாய். 501 ஆனால் ஏறத்தாழ 2,048 ரூபாய். மேற்சொன்ன சலுகை விலை பறிபோவதால், அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். நாளொன்றுக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் அறுபதாம் நாள் கணக்கெடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். கணக்கீட்டாளர் ஐந்து நாள் தாமதித்து வந்தால் 520 யூனிட், 2,208 ரூபாய். அடுத்த முறை நாள்கள் குறைவதால் ஓரளவு ஈடாகும், முழுவதும் ஈடாகாது. ஆகவே ஐம்பதாம் நாளில் நீங்களே மீட்டரைப் பாருங்கள். சென்ற முறை எண்ணைக் கழித்துப் பாருங்கள். 420ஐத் தாண்டியிருந்தால் மீதி நாள்களில் கீசரையும் ஏசியையும் சற்று அடக்கி வையுங்கள். கணக்கீட்டாளர் வரத் தாமதமானால் பிரிவு அலுவலகத்தில் உதவி மின்பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள், அல்லது 'மின்னகம்' 94987 94987 எண்ணில் பதிவு செய்யுங்கள். அங்கும் தீரவில்லை என்றால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது; அதற்கு மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவோர் மீட்டர் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பூட்டிய வீட்டுக்கு முந்தைய கணக்கை வைத்தே கட்டணம் போடுவார்கள்.

விரயத்தைப் பற்றி நாம் நிறையப் பயான் செய்கிறோம். பள்ளிவாசலில் விசிறியை அணைக்காமல் போகிறவரை ஹவுழ் அருகே நிறுத்தி அறிவுரை சொல்கிறோம். அது தேவைதான். ஆனால் அது எளிது. கேட்பவர் யாரும் கோபிக்க மாட்டார்கள். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று ஜும்ஆவில் பேசினால் முன் வரிசையில் இருப்பவர்கள் முகம் மாறும். அவர்களில் பலர் உம்ரா சென்று வந்தவர்கள். சிலர் அந்த உம்ராவுக்கே இந்தப் பணத்தையும் சேர்த்திருக்கக்கூடும். ஆலிம்களாகிய நாம் இதைப் பேசாமல் விட்டதற்குக் காரணம் அறியாமை மட்டும்தானா என்பதை நானும் என் சக ஆசிரியர்களும் எங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் நிர்வாகம் முதல் கோரிக்கையை ஏற்றுக்கொண்டது. ஐந்து வீடுகளின் இணைப்பு எண்களும் குடியிருப்போரிடம் கொடுக்கப்பட்டுவிட்டன. வாடகை அடுத்த முஹர்ரம் முதல் 500 ரூபாய் உயரும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். திருப்பிக் கொடுப்பதைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. கடந்த மூன்று ஆண்டுக் கணக்கேடுகளை என்னிடமே கொடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வீடுகளுக்கு எழுதி முடித்துவிட்டேன். அந்தத் தாயாரின் வீடு மூன்றாவது. இன்று இஷாவுக்குப் பின் அதைத் தொடங்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.